ஷேக் ஜர்ராவின் பத்திரங்கள்: இஸ்ரேல்–பாலஸ்தீனச் சண்டை எங்கே தொடங்கியது?

2021 மே மாதம் காஸாவிலிருந்து ராக்கெட்டுகள் பாய்ந்தன, இஸ்ரேல் விமானங்கள் குண்டு வீசின, பதினொரு நாள் போர் நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் செய்தியில் அடிபட்ட பெயர் ஷேக் ஜர்ரா. கிழக்கு ஜெருசலேமில் உள்ள ஒரு சின்னக் குடியிருப்பு அது. அங்கே சில பாலஸ்தீனக் குடும்பங்களைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதி வளாகத்தில் வெடித்த மோதலும் சேர்ந்துகொள்ள, நிலைமை கைமீறிப் போனது.

வீடு காலி செய்யும் வழக்கு எப்படிப் போரில் போய் முடியும்? அந்த வழக்குக்குப் பின்னால் இருக்கும் காகிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விளங்கும்.

1. 1870களில், துருக்கியர் ஆட்சியில், யூத அறக்கட்டளைகள் அந்த நிலத்தை வாங்கியதற்கான பத்திரம்.
2. 1948 போரில் அப்பகுதி ஜோர்டான் வசம் போனபோது, யூதர் சொத்துகளை 'எதிரிச் சொத்து' என்று அரசு எடுத்துக்கொண்ட ஆவணம்.
3. 1956இல் ஜோர்டான் அரசும் ஐ.நா. அகதிகள் நிறுவனமும் சேர்ந்து 28 பாலஸ்தீனக் குடும்பங்களை அங்கே குடியமர்த்திய ஒப்பந்தம். இவர்களே 1948இல் வீடிழந்து வந்தவர்கள். மூன்று ஆண்டில் வீடு அவர்கள் பெயருக்கு மாறும் என்று சொல்லியிருந்தார்கள். மாறவே இல்லை.
4. 1967இல் கிழக்கு ஜெருசலேமைப் பிடித்த இஸ்ரேல் 1970இல் போட்ட சட்டம். 1948க்கு முன் அங்கே சொத்து வைத்திருந்த யூதர்கள் அதைத் திரும்பக் கேட்கலாம். ஆனால், அதே 1948இல் மேற்கு ஜெருசலேமில் வீட்டை விட்டு வந்த பாலஸ்தீனர் தம் வீட்டைத் திரும்பக் கேட்க வழியில்லை.

இந்த நான்கு காகிதங்களுக்குள்ளேயே சண்டையின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது. மதம், பெருமை, பயம், வல்லரசு அரசியல் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் யார் நிலம், யார் பெயரில் பதிவு, எந்தப் பதிவு செல்லும் என்ற நூலைப் பிடித்துக்கொண்டு போனால் குழப்பம் குறைகிறது.

## மூவாயிரம் வருடப் பகையா?

'ஆபிரகாம் காலத்துச் சண்டை' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. யூதர்களுக்கு அந்த மண்ணோடு பழைய உறவு உண்டு என்பது உண்மை. கி.பி. 70இல் ரோமானியர் ஜெருசலேம் ஆலயத்தை இடித்த பிறகும் அந்த நிலப்பரப்பில் யூதர்கள் வாழாத காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் 1880 வாக்கில் அந்த நிலப்பரப்பில் இருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரில் யூதர்கள் சுமார் 25,000 பேர்தான். ஜெருசலேம், ஹெப்ரான், சஃபேத், திபேரியாஸ் ஆகிய நான்கு ஊர்களில் பெரும்பாலும் சமய வாழ்க்கை வாழ்ந்தவர்கள். மற்றவர்கள் அரபு பேசிய முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும். யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களுக்குச் சமமாக நடத்தப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. என்றாலும் 'இந்த நாடு யாருடையது' என்று இரு தேசங்கள் மோதிக்கொண்ட சண்டை அப்போது இல்லை. அது ஏறக்குறைய 140 வருடச் சரக்கு.

பாலஸ்தீனம் என்ற பெயரில் ஒட்டோமான் பேரரசில், அதாவது துருக்கியர் பேரரசில், தனி மாகாணம் இருந்ததில்லை. ஜெருசலேம் மாவட்டம் இஸ்தான்புல்லின் நேரடிப் பார்வையில் இருந்தது, வடக்கே நாப்லுஸும் ஆக்கரும் பெய்ரூத்தின் கீழ் இருந்தன. 'ஆகவே பாலஸ்தீனர் என்று ஒரு மக்களே இல்லை' என்று சிலர் இதை வைத்து வாதாடுவதுண்டு. 1871 வரை ஜெர்மனி என்றும் ஒரு நாடு இல்லை, அதனால் ஜெர்மானியர் இல்லையென்று ஆகிவிடுமா?

## 1858: பட்டா வந்த கதை

வரி வசூலைச் சீராக்க ஒட்டோமான் அரசு 1858இல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தை அது ஐந்து வகையாகப் பிரித்தது.

1. முல்க்: தனியாருக்கு முழு உரிமையுள்ள நிலம். பெரும்பாலும் ஊருக்குள் வீட்டுமனை.
2. மீரி: உரிமை அரசுக்கு, உழுது அனுபவிக்கும் உரிமை குடியானவருக்கு. விளைநிலத்தில் பெரும்பகுதி இதுதான். மூன்று ஆண்டு தரிசாகப் போட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பத்து ஆண்டு தொடர்ந்து உழுதால் அனுபவ உரிமை உறுதியாகும்.
3. வக்ஃப்: அறக்கொடை நிலம்.
4. மத்ரூகா: சாலை, மேய்ச்சல் நிலம் போன்ற பொது நிலம்.
5. மவாத்: 'செத்த' நிலம். ஊர்க்கோடியில் நின்று உரக்கக் கத்தினால் சத்தம் கேட்காத தொலைவில் யாரும் உழாமல் கிடப்பது.

கடைசி இரண்டையும் நாம் புறம்போக்கு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவோம். இங்கே அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த ஐந்தாவது வகை கட்டுரையின் கடைசியில் திரும்பி வரும்.

யார் நிலத்தை உழுகிறாரோ அவர் தன் பெயரில் பதிந்துகொள்ள வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். நடந்தது வேறு. பல கிராமங்களில் நிலம் ஊருக்கே பொது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களுக்குள் பங்கை மாற்றி மாற்றிப் பிரித்துக்கொள்வார்கள். இதற்கு முஷா என்று பெயர். அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறினால் வரிக்காரன் வருவான், பட்டாளத்துக்கு ஆள்பிடிக்க வருவான் என்று குடியானவர்கள் பயந்தார்கள். அதனால் பலர் பதியவே இல்லை. பல இடங்களில் ஊர்ப் பெரியவர் பெயரிலோ நகரத்துப் பணக்காரர் பெயரிலோ பதிவாயிற்று. உழுதவர் உழுதுகொண்டேயிருந்தார், அதனால் எதுவும் மாறியதாக அவருக்குத் தெரியவில்லை. ஆனால் காகிதத்தில் அவர் குத்தகைக்காரர் ஆகிவிட்டார். பெய்ரூத்தின் சுர்சுக் என்ற வணிகக் குடும்பம் கலிலேயாவுக்குத் தெற்கே உள்ள மர்ஜ் இப்ன் ஆமிர் சமவெளியில் ஊர் ஊராக நிலம் வாங்கியது இந்தக் காலத்தில்தான்.

## வந்தவர்கள் ஏன் வந்தார்கள்?

இதைச் சொல்லாமல் போனால் கதை பாதிதான். 1881இல் ருஷ்யாவில் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் பழி யூதர்கள் மேல் விழுந்தது. தெற்கு ருஷ்யா முழுக்க அவர்கள் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. லட்சக்கணக்கானோர் வெளியேறினர். மிகப் பெரும்பாலோர் போனது அமெரிக்காவுக்கு. ஒரு சிறுபகுதி 1882 முதல் பாலஸ்தீனத்துக்கு வந்தது. பிரான்ஸில் 1894இல் ட்ரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியைத் துரோகி என்று பொய்யாகக் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். நாகரிக நாடுகளிலும் தமக்கு இடமில்லை என்ற முடிவுக்குப் பலர் வந்தார்கள். தியோடர் ஹெர்ட்சல் 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். யூதர்கள் ஒரு மதக் குழு மட்டுமல்ல, ஒரு தேசம், அதற்கு ஒரு நாடு வேண்டும் என்பதே சியோனிசம்.

ஜெருசலேமின் முன்னாள் மேயர் யூசுஃப் தியா அல்-காலிதி 1899இல் ஹெர்ட்சலுக்குப் போய்ச் சேரும்படி ஒரு கடிதம் எழுதினார். யூதர்களின் துயரம் புரிகிறது, அந்த மண்ணோடு அவர்களுக்குள்ள உறவும் தெரியும், ஆனால் அங்கே ஏற்கெனவே மக்கள் இருக்கிறார்கள், பாலஸ்தீனத்தை விட்டுவிடுங்கள் என்பது அதன் சாரம். ஹெர்ட்சல் நயமாகப் பதில் போட்டார். யூதர் வரவால் அங்குள்ளவர்களுக்குச் செழிப்புதான் வரும் என்றார்.

இருவருமே பொய் பேசவில்லை, ஆனால் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணம் வருமா என்று காலிதி கேட்கவில்லை. நாடு யாருடையதாக இருக்கும் என்று கேட்டார்.

## அல்-ஃபூலா, 1910

1901இல் தொடங்கப்பட்ட யூத தேசிய நிதியம் வாங்கிய நிலத்துக்கு ஒரு விதி வைத்தது. அந்த நிலம் யூத மக்களின் பொதுச் சொத்து, மறுபடி விற்கக் கூடாது, யூதர்களுக்கே குத்தகைக்கு விட வேண்டும். பின்னர், வேலைக்கும் யூதர்களையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

இதில்தான் முடிச்சு இருக்கிறது. அதுவரை நிலம் எத்தனை முறை கைமாறினாலும், பண்ணையார் மாறுவார், குடியானவர் அதே இடத்தில் உழுதுகொண்டிருப்பார். இப்போது முதல்முறையாக, நிலம் கைமாறினால் உழுபவரும் போக வேண்டும் என்று ஆனது.

1910இல் சுர்சுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அல்-ஃபூலா கிராமத்தின் நிலத்தைச் சியோனிச அமைப்புகளுக்கு விற்றார். அப்போது நாசரேத்தின் மாவட்ட அதிகாரி ஷுக்ரி அல்-அசலி. கையெழுத்துப் போட மறுத்தார். அந்தக் கிராமத்தில் சிலுவைப் போர்க் காலத்துக் கோட்டை ஒன்றின் இடிபாடு இருந்தது. அதனால் சிலுவைப் படையை முறியடித்த சலாவுதீனின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு பத்திரிகைகளில் எழுதினார். மேலிடம் அவரைத் தாண்டி விற்பனைக்கு ஒப்புதல் கொடுத்தது. 1911இல் அங்கே மெர்ஹவியா என்ற யூதக் குடியிருப்பு எழுந்தது. அதே ஆண்டு அல்-அசலி நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார், அங்கும் இதையே பேசினார். 1916இல் துருக்கிய அரசு அரபு தேசியவாதிகளோடு சேர்த்து அவரையும் டமாஸ்கஸில் தூக்கிலிட்டது.

ஹைஃபாவில் 1908இல் அல்-கர்மில், யாஃபாவில் 1911இல் ஃபலஸ்தீன் என்று அரபுப் பத்திரிகைகள் தொடங்கி, நில விற்பனைகளை எதிர்த்து எழுதின. அரபுப் பெரிய மனிதர்கள் சிலர் பகலில் எதிர்ப்புப் பேசிவிட்டு இரவில் நிலத்தை விற்றதும் நடந்தது. விற்றவரும் அரபு, இடம்பெயர்ந்தவரும் அரபுதான். வர்க்கம் வேறு, அவ்வளவுதான்.

## பிரிட்டன் கொடுத்த வாக்குகள்

முதல் உலகப் போரில் துருக்கியை வீழ்த்த பிரிட்டனுக்குக் கூட்டாளிகள் தேவைப்பட்டார்கள். ஒரே பொருளை மூன்று பேருக்குப் பேசி வைத்தது.

1. 1915–16: மெக்காவின் ஷரீஃப் ஹுசைனுக்கு, கிளர்ச்சி செய்தால் அரபு விடுதலைக்குத் துணை நிற்போம் என்று கடிதங்கள். பாலஸ்தீனம் அதில் அடங்குமா என்று இன்றுவரை சச்சரவு.
2. 1916: பிரான்ஸோடு ரகசியப் பங்கீடு. இதுவே சைக்ஸ்–பிக்கோ ஒப்பந்தம்.
3. 1917 நவம்பர் 2: பால்ஃபர் பிரகடனம். பாலஸ்தீனத்தில் யூத மக்களுக்கு 'தேசிய இல்லம்' அமைய ஆதரவு.

மூன்றாவது வெறும் 67 சொற்கள். நாட்டில் பத்தில் ஒன்பது பேராக இருந்த அரபு மக்களை அது பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை. 'யூதரல்லாத சமூகங்கள்' என்றது. அவர்களுடைய குடிமை உரிமைகளும் சமய உரிமைகளும் காக்கப்படும் என்றது. அரசியல் உரிமை என்ற சொல் மட்டும் இல்லை. அமைச்சரவையில் இதைக் கடுமையாக எதிர்த்தவர் எட்வின் மாண்டேகு. அவர் யூதர், இந்தியாவுக்கான அமைச்சர். யூதர்களுக்கென்று ஒரு நாடு ஒதுக்கினால், பிற நாடுகளில் உள்ள யூதர்களை அந்நியர் என்று துரத்த அதுவே சாக்காகும் என்பது அவர் பயம்.

1922இல் சர்வதேச சங்கம் பாலஸ்தீனத்தை மாண்டேட் பிரதேசமாக, அதாவது சுயாட்சிக்குத் தயாராகும் வரை ஒரு வல்லரசு பார்த்துக்கொள்ளும் பகுதியாக, பிரிட்டனிடம் ஒப்படைத்தது. பால்ஃபரின் வாக்கு அந்த ஆவணத்துக்குள்ளேயே சட்டமாக எழுதப்பட்டது.

## இரண்டு சமூகங்கள், இரண்டு அரசுகள்

1922 கணக்கெடுப்பில் யூதர்கள் 11 சதவீதம், 1931இல் சுமார் 17 சதவீதம், 1940களின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு. அவர்களுக்கென்று தனிப் பள்ளிகள், தொழிற்சங்கம், ரகசியப் படை, வங்கி என்று ஓர் அரசின் உறுப்புகள் எல்லாம் வளர்ந்தன. அரபுத் தரப்பில் ஜெருசலேமின் ஹுசைனி, நஷாஷிபி குடும்பங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

1920களில் சுர்சுக் குடும்பம் மர்ஜ் இப்ன் ஆமிரில் மிச்சமிருந்த நிலத்தையும் விற்றது. சுமார் 20 கிராமங்களின் குத்தகைக்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1929 ஆகஸ்டில் ஜெருசலேமின் மேற்குச் சுவரில் வழிபாட்டு உரிமைத் தகராறில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவி, 133 யூதர்களும் 116 அரபுகளும் இறந்தார்கள். ஹெப்ரானில் மட்டும் 67 யூதர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சியோனிசத்துக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் சம்பந்தம்கூட இல்லை. சில அரபுக் குடும்பங்கள் யூத அண்டைவீட்டாரை ஒளித்துவைத்துக் காப்பாற்றின.

விசாரிக்க பிரிட்டன் அனுப்பியவர்களில் ஒருவர் ஜான் ஹோப் சிம்ப்சன், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். உழவனையும் குத்தகையையும் அறிந்தவர் என்பதாலோ என்னவோ, பிரச்சினையின் வேரைத் தொட்டார். தேசிய நிதியம் வாங்கும் நிலத்தில் அரபு உழவன் இனி எந்நாளும் குத்தகைக்கோ கூலிக்கோ போக முடியாது என்பதை அவர் 1930 அறிக்கை சுட்டிக்காட்டியது. அதன் பேரில் நில விற்பனையையும் குடியேற்றத்தையும் கட்டுப்படுத்த முயன்ற அரசு, அடுத்த ஆண்டே பின்வாங்கியது.

1933இல் ஹிட்லர். அமெரிக்கா 1924லேயே குடியேற்றக் கதவை முக்கால்வாசி மூடியிருந்தது. 1935இல் மட்டும் 60,000க்கு மேல் யூதர்கள் பாலஸ்தீனத்தில் வந்திறங்கினார்கள். அவர்களுக்குப் போக வேறிடமில்லை. அங்கிருந்தவர்களுக்கோ நாடே கைநழுவுவது கண்முன் தெரிந்தது. 1936 ஏப்ரலில் தொடங்கிய அரபுப் பொது வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீடித்து, ஆயுதக் கிளர்ச்சியாகி 1939 வரை ஓடியது. பிரிட்டன் அதை நசுக்கியதில் அரபுத் தலைமை கொல்லப்பட்டது, நாடு கடத்தப்பட்டது, சிதறியது. 1948இல் பாலஸ்தீனர் தோற்றது 1939லேயே என்று சொன்னால் மிகையில்லை.

1939இல் பிரிட்டன் யூதக் குடியேற்றத்தை ஐந்து ஆண்டுக்கு 75,000 என்று சுருக்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தஞ்சம் கேட்டு வந்த கப்பல்களைத் திருப்பியனுப்பிய நினைவு இஸ்ரேலியர் மனதில் இன்றும் ஆறவில்லை. 'மற்றவர் தயவில் இனி இருக்க மாட்டோம்' என்ற அவர்கள் பிடிவாதத்தை இதை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

## 1947–49

சமாளிக்க முடியாமல் பிரிட்டன் பிரச்சினையை ஐ.நா.விடம் தள்ளியது. பதினொரு நாட்டுக் குழுவில் பெரும்பான்மை பிரிவினையைச் சொன்னது. இந்தியா, ஈரான், யுகோஸ்லாவியா மூன்றும் கூட்டாட்சி என்றன. 1947 நவம்பர் 29 அன்று பொதுச் சபை 33–13 என்ற கணக்கில் பிரிவினையை ஏற்றது. பத்து நாடுகள் வாக்களிக்கவில்லை, இந்தியா எதிர்த்து வாக்களித்தது.

மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கான யூதர்களுக்கு நிலத்தில் சுமார் 55 சதவீதம் ஒதுக்கப்பட்டது. அப்போது யூதர்கள் விலைக்கு வாங்கியிருந்தது மொத்த நிலத்தில் ஏறத்தாழ 7 சதவீதம்தான். ஒதுக்கியதில் பெரும்பகுதி நெகேவ் பாலைவனம், இனி வரப்போகும் அகதிகளுக்கும் இடம் வேண்டும் என்பது யூதத் தரப்பு வாதம். சொந்த நாட்டில் பாதியை ஏன் கொடுக்க வேண்டும் என்பது அரபுத் தரப்பு வாதம். மறுநாளே சண்டை தொடங்கியது. 1948 மே 14 அன்று இஸ்ரேல் பிரகடனம். அடுத்த நாள் அரபு நாடுகளின் படைகள் நுழைந்தன. 1949 போர்நிறுத்தத்தின்போது இஸ்ரேல் வசம் 78 சதவீத நிலம். ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனர் அகதிகள். அவர்கள் இதை நக்பா, பேரழிவு என்கிறார்கள்.

அவர்கள் ஏன் போனார்கள் என்று ஒரு முடிவில்லா விவாதம் உண்டு. அரபுத் தலைவர்கள் போகச் சொன்னதால்தான் என்ற பழைய இஸ்ரேலிய விளக்கம், 1980களில் இஸ்ரேலின் ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகு நிற்கவில்லை. லித்தா, ரம்லே ஊர்களில் படை நேரடியாக வெளியேற்றியது. ஹைஃபா, யாஃபா தாக்குதலில் காலியாயின. 1948 ஏப்ரல் 9 அன்று டெய்ர் யாசினில் நூற்றுக்கு மேற்பட்ட கிராமத்தார் கொல்லப்பட்ட செய்தி பயத்தைப் பரப்பியது. வசதியானவர்கள் முன்பே போய்விட்டதும் ஒரு காரணம்.

ஆனால் ஏன் திரும்பவில்லை என்பதற்கு ஒரே விடைதான். 1948 ஜூனிலேயே இஸ்ரேல் அமைச்சரவை அவர்களைத் திரும்ப விடுவதில்லை என்று தீர்மானித்தது. திரும்ப விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று டிசம்பரில் ஐ.நா. நிறைவேற்றிய 194ஆம் தீர்மானம் காகிதத்தோடு நின்றது.

## 'இருந்தும் இல்லாதவர்கள்'

1950இல் இஸ்ரேல் 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' கொண்டுவந்தது. 1947 நவம்பர் 29க்குப் பிறகு தம் ஊரை விட்டு நாட்டுக்கு வெளியேயோ எதிரிப் படை வசமிருந்த இடத்துக்கோ போனவர் 'இல்லாதவர்'. அவர் சொத்து அரசுப் பாதுகாவலர் வசம். பக்கத்து ஊருக்கு ஓடி, பிறகு இஸ்ரேலின் குடிமகனாகவே ஆனவருக்கும் இது பொருந்தியது. அவர்களுக்கு 'இருந்தும் இல்லாதவர்கள்' என்றே பெயர். நாசரேத்தில் குடியேறிய சஃப்ஃபூரியா ஊர்க்காரர்கள் சில கிலோமீட்டர் தள்ளித் தம் நிலத்தில் வேறொருவர் உழுவதைப் பார்த்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

லெபனான் எல்லையோரம் இக்ரித் என்ற கிறிஸ்தவக் கிராமம். இரண்டு வாரத்தில் திரும்பலாம் என்று சொல்லி ராணுவம் 1948இல் மக்களை வெளியேற்றியது. அவர்கள் வழக்குப் போட்டு 1951 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ராணுவம் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் நிற்கிறது.

மறுபுறம், இதே கத்தி அரபு நாடுகளின் யூதர்கள் மேலும் பாய்ந்தது. 1950–51இல் ஈராக்கின் யூதர்கள் சுமார் 1.2 லட்சம் பேர் குடியுரிமையைத் துறந்து வெளியேற, அரசு அவர்கள் சொத்துகளை முடக்கியது. யேமன், மொராக்கோ, எகிப்து என்று அரபு நாடுகளிலிருந்து பல லட்சம் பேர் இஸ்ரேல் வந்து சேர்ந்தார்கள். 'ஐரோப்பியர் வந்து பிடித்த நாடு' என்று மட்டும் இஸ்ரேலைச் சொல்கிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

## 1967, மறுபடியும் 1858

1967 ஜூனில் ஆறு நாள் போர். ஜோர்டானிடமிருந்து மேற்குக் கரையையும் கிழக்கு ஜெருசலேமையும் எகிப்திடமிருந்து காஸாவையும் சினாயையும் சிரியாவிடமிருந்து கோலானையும் இஸ்ரேல் பிடித்தது. மேற்குக் கரையில் நில உரிமையை அளந்து பதியும் வேலையை பிரிட்டன் தொடங்கி, ஜோர்டான் தொடர்ந்திருந்தது. மூன்றில் ஒரு பங்குதான் முடிந்திருந்தது. 1968இல் இஸ்ரேல் ராணுவம் ஓர் உத்தரவில் அதை நிறுத்தியது.

ஆரம்பத்தில் குடியேற்றங்களுக்கு ராணுவத் தேவை என்று சொல்லித் தனியார் நிலத்தை எடுத்தார்கள். நாப்லுஸ் அருகே ஏலோன் மோரே என்ற குடியேற்றத்துக்காக அப்படி எடுத்ததை உச்ச நீதிமன்றம் 1979இல் ரத்து செய்தது. அங்கு குடியேற வந்தவர்களே, நாங்கள் பாதுகாப்புக்காக வரவில்லை, இது எங்கள் மண் என்று வந்தோம் என நீதிமன்றத்தில் சொன்னது அரசின் வாதத்தைக் கவிழ்த்தது. அப்புறம் வேறு வழி தேடினார்கள். 1858 சட்டம் கிடைத்தது. தொடர்ந்து உழாத மீரி நிலமும் சத்தம் கேட்காத தூரத்து மவாத் நிலமும் அரசுக்கு உரியவை. வான்படங்களை வைத்துக்கொண்டு எங்கே உழவில்லை என்று தேடி, 1980களில் லட்சக்கணக்கான துனாம் 'அரசு நிலம்' ஆயிற்று. துனாம் என்பது 1,000 சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர். இன்று மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் சுமார் ஏழு லட்சம் இஸ்ரேலியர் குடியேறி வாழ்கிறார்கள். ஆக்கிரமித்த பகுதியில் சொந்த மக்களைக் குடியேற்றுவது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்துக்கு விரோதம் என்பது பெரும்பாலான நாடுகளின் நிலை. இஸ்ரேல் இதை ஏற்பதில்லை.

ஷேக் ஜர்ரா வழக்கில் 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால முடிவு சொன்னது. நிலம் யாருடையது என்பது முறையான பதிவில் தீரும் வரை நான்கு குடும்பங்கள் அங்கேயே இருக்கலாம்.

2025 மே மாதம் இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சரவை, மேற்குக் கரையின் சுமார் 60 சதவீதமான, முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதியில், 1968இல் நிறுத்திய நிலப் பதிவை மறுபடி தொடங்கத் தீர்மானித்தது. நிலம் தன்னுடையது என்று சொல்பவர் அதற்கான காகிதத்தைக் காட்ட வேண்டும். வரிக்கும் பட்டாளத்துக்கும் பயந்து பதிவேட்டில் பெயர் கொடுக்காமல் விட்ட குடியானவர்களின் கொள்ளுப்பேரர்களும் அந்த வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.